ஒரு பேரு போடுங்க

லொறி ஓட்டுவது என் வீட்டுக்காரர். விலை சொல்வது நான். எங்கள் வீட்டில் இது சட்டமாகி நாலு வருடம் ஆகிறது.

அதற்கு முன்பு இரண்டையும் அவரே பார்த்துக்கொண்டார். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. விலை சொல்வதில்தான் மனுஷன் சுத்த மோசம். எவ்வளவு என்று யாராவது கேட்டுவிட்டால் கூச்சப்பட்டு, கதவுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “பாத்துக் குடுங்க” என்பார். எங்கள் அக்கரப்பத்தனையில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. எல்லோரும் நன்றாகத்தான் பார்த்தார்கள், கொடுத்ததுதான் குறைவு. காசுக்குப் பதில் மரக்கறிதான், லீக்ஸ் ஏற்றினால் லீக்ஸ் கட்டு வரும், கோவா ஏற்றினால் கோவா வரும். வீடு மாறிப்போன ஒருவர் இரண்டு சேவல் கொடுத்தார். லீசிங் கம்பனிக்காரன் சேவல் வாங்க மாட்டான் என்று நான் கத்தினேன். கூட்டாளியிடம் எப்படிக் காசு கேட்பது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். கடைசியில் மூன்று தவணை நின்றுபோய், லொறியைக் கொண்டுபோக ஆள் வந்து நின்றது. என் சங்கிலியை அடகு வைத்து லொறியை மீட்டோம். அன்றைக்கே விலை என் வாய்க்கு வந்துவிட்டது. கூட்டாளியானாலும் விலை உண்டு, சும்மா ஓடுவது கிடையாது, 'பாத்துக் குடுங்க' என்ற பேச்சே இந்த வீட்டில் இனிமேல் எழக்கூடாது.

நான் விலை சொல்லும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். லொறி வாங்குவதற்கு முன்பு பதினொரு வருடம் கொழுந்து பறித்தவள் நான். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்தை ஒரு பேர் என்போம். கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே பதிந்தால் அன்றைக்கு ஒரு பேர் விழுந்தது. நிறை காணாவிட்டால் அரைப்பேர். மழையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஒரே ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப்பேரோடு நான் வீடு வந்த நாட்கள் உண்டு. செய்த வேலைக்குப் பேர் விழாமல் போவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு எதிலும் இல்லை. அந்தச் செக்ரோலில் என் பெயராவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரோ இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு எழுதினார்கள். பதினொரு வருடமும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் அந்த மொட்டைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருத்தச் சொல்லி ஒரு தடவை கேட்டேன். பேர் விழுகிறதல்லவா, எழுத்து எப்படி இருந்தால் உனக்கென்ன என்று விரட்டிவிட்டார்கள்.

கூடையை இறக்கி வைத்த பிறகும் அந்தக் கணக்கு என்னை விடவில்லை. எதையும் பேராக்கிப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். ஒரு பிளாஸ்டிக் வாளி ஒரு பேர். நல்ல செருப்பு இரண்டு பேர்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். வந்த முதல் வாரம், ஒரு பிள்ளையிடம் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். மலைக்குப் போயிருக்காங்க என்று பிள்ளை சொல்ல, சாமி கும்பிட மலை ஏறப் போயிருக்கிறார் போல என்று நினைத்து, வர எத்தனை நாளாகும் என்று விசாரித்தாராம். தேயிலைக்கு வேலைக்குப் போவதைத்தான் நாங்கள் மலைக்குப் போவது என்போம். நான் அதை விளக்கிச் சொன்ன அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் கூட்டாளியானோம். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். அவர் பேசினால் எனக்கு ரேடியோவில் செய்தி கேட்பது போல இருக்கும். நான் பேசினால் அவருக்குச் சண்டை போடுவது போலக் கேட்குமாம். பாதி நேரம் நான் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அவர் வந்து ஒன்றரை வருடமானபோது இது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலவாக்கலையில் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நான் சிவப்புப் பட்டுச்சேலை கட்டி, பூவும் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர் கையில் போனோடு வாசலில் வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்கான சாமான்களைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்த லொறி, கினிகத்தேனைக்குக் கீழே, பொல்பிட்டியப் பக்கம் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். ஆய்வுகூடம் தயாராக இருந்தால் உயர்தரப் பரீட்சைக்கான விஞ்ஞான வகுப்புக்கு அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் பேச்சு. சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிய ஒன்பது பெண் பிள்ளைகள் அந்த வகுப்புக்காகக் காத்திருந்தார்கள். ஹட்டனுக்கு அனுப்பிப் படிப்பிக்க வீட்டில் வசதி இல்லை. ஒரு வருடம் தள்ளிப்போனால் பாதிப் பேர் கொழும்புக்குத் தையல் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சாமான்களுக்காக டீச்சர் ஒன்றரை வருடமாகக் கடைகடையாக ஏறி இறங்கி, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, தன் சம்பளத்தையும் போட்டுக் காசு சேர்த்தது எனக்குத் தெரியும்.

கல்யாணம் எங்கும் ஓடிப்போகாது, போய்ச் சாமானை ஏற்றிக்கொண்டு வருவோம் என்றேன். வீட்டுக்காரர் அதற்குள் சாவியை எடுத்துவிட்டார். டீச்சர்தான் லொறிப் படியில் காலை வைத்துவிட்டு ஏறாமல் நின்றார்.

“எவ்வளவு எண்டு முதல் சொல்லுங்கோ அக்கா. சும்மா எண்டா நான் ஏற மாட்டன்.”

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். புதுச் செருப்பின் மேல் ஒரு மிதி மிதித்தேன்.

கினிகத்தேனைக்குப் போய்ப் பாரம் ஏற்றித் திரும்புவதற்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு, ஊர் விலை என்றால் டீசல் போகப் பத்துப் பேருக்குக் குறையாது. அதை இந்த மனுஷியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சும்மா என்றால் என் சட்டம் போய்விடும், அவரும் ஏற மாட்டார். யோசித்துப் பார்த்து ஒரு விலை சொன்னேன்.

“டீசல் நீங்க அடிங்க. எங்களுக்கு ஒரு பேரு போடுங்க டீச்சர், போதும்.”

டீச்சர் என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஒரு பேர் மட்டும் போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். போதும் என்றேன். பத்தை ஒன்றாக்கினால் யாருக்குத்தான் கண் கலங்காது என்று எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். ஹட்டனில் டீச்சர் டீசல் அடித்தார். வட்டவளை தாண்டியதும் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, என் முழுப்பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக் காசென்றால் ரசீதில் பெயர் வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், செக்ரோலில் விழுங்கிய இரண்டு எழுத்தையும் சேர்த்து. அவர் எழுதி, வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். என் பெயரை எழுதிவிட்டுச் சரியா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கினிகத்தேனை வெயில் எங்கள் குளிருக்குப் பழகிய உடம்புக்கு ஆகாது. கொழும்பு லொறிக்காரர் சிங்களவர், நல்ல மனுஷன், எங்களைக் கண்டதும் கும்பிடவே வந்துவிட்டார். நீளமான மேசைகள், கண்ணாடி வைத்த அலுமாரிகள், பளபளவென்று ஆறு சிங்க், வைக்கோலில் பொதிந்த கண்ணாடிச் சாமான் பெட்டிகள். நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, கொழுந்து பறிக்கும்போது கட்டுவது போல ஒரு சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். அந்த மனுஷன் என் பூவையும் சேலையையும் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில் லொறி ஏற்ற இப்படித்தான் உடுத்துவார்களா என்று வீட்டுக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்றார் இவர்.

திரும்பும்போது கண்ணாடிப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்று மண்டப வாசலில் லொறியை நிறுத்தினோம். அதற்குள் காற்றில் தார்ப்பாய் விலகி, ஆறு சிங்கும் வெயிலில் மின்னின. பெண்ணின் சித்தப்பா வீட்டுச் சீர் வந்திருக்கிறது என்று மண்டபத்துக்குள் செய்தி பரவிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வெளியே வந்து, சிங்கை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, ஒரு வீட்டுக்கு எதற்கு ஆறு என்று கேட்டார். இது வீட்டுக்கு இல்லை, அமிலம் ஊற்றிப் பரிசோதனை செய்கிற தொட்டி என்று டீச்சர் செய்தி வாசிக்கிற குரலில் விளக்கினார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பந்திக்கு ஓடிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் கல்யாண வீட்டார் எங்களைச் சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள். ஐந்தாறு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாமான் இறக்க லொறியிலேயே ஏறி வந்தார்கள். பாட்டும் கூத்துமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடையவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அனுமதி கொடுத்தார்கள். டீச்சர் கேசரி கிண்டிக்கொண்டு வந்து எனக்கு ஊட்டியே விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளிதான்.

ஆனால் பேர் வரவில்லை.

ஒரு வாரம் போனது. மறந்திருப்பார் என்று நினைத்தேன். மாதப் பிறப்பில் வாடகைக் காசைச் சரியாகக் கொண்டுவந்து வைத்தார், பேரைப் பற்றி மூச்சு இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்தோ என்னவோ, அவரே ஒரு நாள் சொன்னார்.

“பேர் போட ஆள் வரவேணும் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ.”

ஒரு நாள் சம்பளத்தைக் கொடுக்க எதற்கு ஆள் வர வேண்டும்? தோட்டத்து ஆபீஸில் சொல்கிற சாக்கைப் படித்தவரும் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் இன்னும் மோசம். மற்ற எல்லாருடைய பேரையும் போட்டாயிற்று, உங்களுடையது மட்டும் கடைசியில் வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் கொடுத்தாயிற்றாம், எனக்குக் கடைசியாம். அன்று மாலை அவருக்குக் கொடுத்த தேத்தண்ணியில் சீனியே போடவில்லை. அதையும் நன்றாக இருக்கிறது என்று குடித்தார்.

ஒரு பேருக்குப் போய் இத்தனை கோபமா என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். காசு அல்ல என்று அவரிடம் எப்படி விளங்க வைப்பது? சும்மா வருகிறேன் என்று சொல்லியிருந்தால் சும்மாவாகவே போயிருக்கும், எனக்கு ஒன்றுமில்லை. கேட்டுப் பேசி, முழு வேலையும் செய்த பிறகு பேர் விழவில்லை. அதுவும் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிய ஆளிடமிருந்து. தோட்டத்தில் செய்தபோது கோபம்தான் வந்தது. கூட்டாளி செய்தபோது அழுகை வந்தது. இனிமேல் இந்த டீச்சரோடு எப்படி ஒரே வீட்டில் முகம் பார்த்து இருப்பது என்பதுதான் என் கவலை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் விலை பேசுகிற எனக்கு, செய்து முடித்த வேலைக்கு அவரிடம் வாய் வரவில்லை. 'பாத்துக் குடுங்க' என்கிற மனுஷனின் கஷ்டம் அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது.

மூன்றாம் வாரம் ஆய்வுகூடத் திறப்புவிழா. கட்டாயம் வரவேண்டும் என்று டீச்சர் வெற்றிலை வைத்து அழைத்தார். தலைவலி என்றேன். வீட்டுக்காரர் லொறியைக் கழுவி, பூ கட்டி, என் சிவப்புச் சேலையையும் எடுத்து வைத்துவிட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

ஒன்பது பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். மலையிலிருந்து அரைநாள் வேலையோடு இறங்கிய அம்மாமார், ஆசிரியர்கள், கடைவீதி முதலாளி ஒருவர் என்று ஆய்வுகூடம் நிறைந்திருந்தது. ரிப்பனை வெட்டியதும் டீச்சர் என் கையைப் பிடித்து நேரே எதிர்ச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சுவரில் நீலப் பெயின்டில், பெயர்ப்பலகை எழுதுகிற ஆளின் அழகான கையெழுத்து. உதவி செய்தவர்களின் பெயர்கள். கனடாவில் இருக்கிற டீச்சரின் பெரியப்பா, கடைவீதி முதலாளி, பழைய மாணவர்கள். எல்லாருக்கும் கீழே, எல்லாரையும் விட ஒரு விரல் பெரிய எழுத்தில், ஒரே ஒரு பெயர். பக்கத்தில் ஒரு சின்ன லொறிப் படம்.

என் பெயர்.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது.

“நீ கேட்டது கெடச்சிருச்சு புள்ள. ஒரு பேரு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், ஒரு சிங்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் எழுத்தில் பிழை வந்துவிட்டதோ என்று பயந்து சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் என்று சொன்னேன். சீனி போடாத தேத்தண்ணி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டீச்சர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தார்.

“நீங்கள் காசு கேட்டனீங்களோ? நான் உங்களைத் தெய்வமாக்கி வைச்சிட்டன் அக்கா.”

அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மூச்சு வாங்கியதும் டீச்சர் கைப்பையைத் திறந்தார். ஊர் விலை பத்துப் பேர் என்று வீட்டுக்காரர் உளறிவிட்டார், உடனே டீச்சர் பத்தையும் வாங்கத்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். பேசியது ஒன்று, ஒன்றுக்கு மேல் தொட மாட்டேன் என்றேன். அவசரத்துக்கு ஓடி வந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது என்ன நியாயம் என்றார் அவர். கூட்டாளியின் அவசரத்தில் கூட்டி வாங்குவது என்ன நியாயம் என்றேன் நான். அவர் எட்டு என்றார், நான் ஒன்று என்றேன். அவர் ஆறு என்றார், நான் ஒன்று என்றேன். வாங்குகிறவள் இறக்கி, கொடுக்கிறவர் ஏற்றி, இப்படி ஒரு பேரத்தை அந்த முதலாளி தன் கடையில் பார்த்திருக்கவே மாட்டார்.

ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஓரமாக நின்றவர், எங்கள் இருவரையும் கையமர்த்தினார்.

“ஓட்டுனதுக்கு ஒரு பேரு. ஏத்துனதுக்கு ஒரு பேரு. லொறியும் அன்னிக்கு வேல செஞ்சிச்சில்ல, அதுக்கும் ஒரு பேரு போடுங்க. மூணு.”

மலையிலிருந்து வந்த அத்தனை பெண்களும் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் மறுத்துப் பேச இடமில்லாமல் போனது. யாருக்கும் அரைப்பேர் இல்லை, யாரும் கூடவும் வாங்கவில்லை. டீச்சர் தலையாட்டினார். இன்றைக்கும் கூட்டாளிகள் அவசரமென்று வந்தால் எங்கள் லொறிக்கு அதுதான் விலை, டீசலும் மூன்று பேரும். வீட்டுக்காரரும் தைரியமாகச் சொல்லப் பழகிவிட்டார்.

தன் பெயர் மட்டும் சுவரில் இல்லையே என்று அவர் அன்றைக்குக் குறைப்பட்டார். கேட்டது ஒரு பேர்தானே, யாருடையது என்று நீங்கள் சொல்லவில்லையே என்றார் டீச்சர்.

காசு கைக்கு வந்தது. நான் எண்ணாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பி, என் பெயரை முதலெழுத்திலிருந்து வாசித்தேன். செக்ரோலில் விழுங்கிய இரண்டு எழுத்தும் அதில் இருந்தன.